பிளாக் இருக்கும் இதயத்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் ‘கிளைக் குழாய்கள் நன்றாக வளர்ந்திருக்கின்றன’ என்று ஒரு வரி இருந்துவிட்டால் போதும். சிலர் ‘இயற்கையே பைபாஸ் பண்ணிடுச்சு’ என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர், இன்னும் வேகமாக ஓடினால் இன்னும் வளரும் என்று கிளம்பிவிடுகிறார்கள். இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் இரண்டு வகையினரையும் பார்க்கிறேன். இரண்டுமே ஆபத்து.

இதயத்தின் ஒரு தமனியையும் இன்னொன்றையும் இணைக்கும் மிக மெல்லிய குழாய்கள் நம்மில் பலருக்குப் பிறவியிலேயே உண்டு. இவைதான் அந்தக் கிளைக் குழாய்கள். பெரிய குழாயில் அடைப்பு கூடும்போது அதற்கு அப்பால் ரத்த அழுத்தம் குறைகிறது. உடனே அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து இந்த மெல்லிய குழாய்கள் வழியாக ரத்தம் பாய ஆரம்பிக்கும். அப்படிப் பாயும்போது உட்சுவரில் ஏற்படும் உரசல்தான் குழாயை அகலமாக வளர வைக்கிறது. உடற்பயிற்சியின்போது ரத்த ஓட்டம் கூடும், உரசலும் கூடும். தமனி சுருக்கப்பட்ட நாய்களில், ஓடவிட்டவற்றுக்குக் கிளைக் குழாய்கள் அதிகம் வளர்ந்ததை எக்ஸ்டைன் என்ற ஆய்வாளர் 1957லேயே காட்டினார்.

சரி, மனிதர்களுக்கு எவ்வளவு கடுமை தேவை? ஜெர்மனியில் நடந்து 2016ல் வெளியான ‘எக்ஸைட்’ ஆய்வை நான் முக்கியமாக நினைக்கிறேன். கணிசமான அடைப்புள்ள 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள்: கடுமையான பயிற்சி, மிதமான பயிற்சி, வழக்கமான சிகிச்சை மட்டும். நான்கு வாரம் கழித்து, தமனியைப் பலூனால் சிறிது நேரம் அடைத்து, அதற்கு அப்பால் கிளைக் குழாய்கள் வழியே எவ்வளவு அழுத்தம் வந்து சேர்கிறது என்று நேரடியாகவே அளந்தார்கள். கடுமையான பயிற்சியில் இந்த அளவைச் சொல்லும் கிளை ஓட்டக் குறியீடு 0.142லிருந்து 0.198 ஆனது. மிதமான பயிற்சியில் 0.143லிருந்து 0.202. பயிற்சி இல்லாத குழுவில் மாற்றமே இல்லை.

அதாவது, மிதமாகச் செய்தவர்கள் எதையும் இழக்கவில்லை. ஆனால் அவர்கள் வாரத்துக்குப் பல மணி நேரம் பயிற்சி செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அப்புறம், 0.2 என்பது முழுக் குழாயின் ஓட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். நெஞ்சுவலி குறைய அது உதவலாம். மாத்திரைக்கோ தேவைப்படும் ஸ்டென்டுக்கோ அது மாற்று இல்லவே இல்லை.

வேகம் கூட்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் போய்ச் சேருவது, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே தசை தளரும் நேரத்தில். துடிப்பு கூடக் கூட அந்த நேரம் சுருங்கும். பிளாக் உள்ளவருக்கு அது கட்டுப்படியாகாது.

எங்கள் பிரிவில் ட்ரெட்மில்லில் நடக்கும்போது, “இன்னும் கொஞ்சம் ஸ்பீடு வைங்க சார், வேர்க்கவே இல்ல” என்பவர்கள் நிறைய. நான் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். “ரெண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், அப்புறம் ஒரு காபி” என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ‘ரெண்டு’ என்று சொல்லி நிறுத்தி மூச்சு வாங்கினால் குறைத்துவிடுவேன். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித் துடிப்பு அதிகம் ஏறாது. அதனால் கையில் கட்டிய வாட்ச் காட்டும் எண்ணைவிட இந்தப் பேச்சைத்தான் நம்புகிறேன். எந்த அளவில் வலியோ இசிஜி மாற்றமோ வருகிறது என்பதை முதலில் டிஎம்டி (ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு இசிஜி பார்க்கும் சோதனை) எடுத்துப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழேயே பயிற்சியை வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஐந்து, பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைப் பழக்குவதும் கட்டாயம்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தால் நின்றுவிடுங்கள், உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தந்திருந்தால் மருத்துவர் சொன்னபடி வையுங்கள். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். சும்மா இருக்கும்போதே வலி வருகிறது, அல்லது முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வருகிறது என்றால் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.