“லைட்டுதான் பிடிக்கிறேன் டாக்டர்”

இந்த வாரம் மட்டும் இது மூன்றாவது ஆள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று மாதமாக நிற்காத இருமல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிகரெட் உண்டா என்று கேட்டேன். “உண்டு டாக்டர், ஆனா லைட்டுதான். ஸ்ட்ராங்கை விட்டுப் பன்னிரண்டு வருஷமாச்சு” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, “நான்தான் டாக்டர் சண்டை போட்டு மாத்த வெச்சேன்” என்றார், கொஞ்சம் பெருமையாக. எனக்கு வயிறு எரிந்தது. அந்தம்மா பன்னிரண்டு வருஷத்துக்கு முன் போட்ட சண்டை நியாயமான சண்டை. அன்றைக்கு அவர் மனிதனை சிகரெட்டையே விட வைத்திருப்பார். நடுவில் இந்த ‘லைட்’ புகுந்து சமாதானம் பேசிவிட்டது.

பாக்கெட்டைக் காட்டச் சொன்னேன். “இதில் லைட் என்று எங்கே எழுதியிருக்கிறது?” இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எழுதலை டாக்டர்... ஆனா இந்தக் கலர்தான் லைட்டு.”

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். சிகரெட் கம்பெனிகள் பெட்டியில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அரசாங்கங்கள் சட்டம் போடுகின்றன. நல்லதுதான், நான் முழுக்க அந்தப் பக்கம். ஆனால் சட்டம் சொல்லை எடுத்த இடத்தில் நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது, நம் ஆட்களும் அந்த நிறத்தைப் பிடிவாதமாக நம்புகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘லைட்’, ‘மைல்ட்’ போன்ற சொற்கள் 2003-இலேயே பெட்டியிலிருந்து போய்விட்டன. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை ஏற்கப்பட்டது. ஆபத்து குறைவு என்று நினைக்க வைக்கும் இந்த மாதிரிச் சொற்களை அதன் 11-ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அமெரிக்காவில் 2009-இல் சட்டம் வந்து, 2010 ஜூனில் தடை அமலானது. உடனே அங்கே மார்ல்போரோ லைட்ஸ், மார்ல்போரோ கோல்டு ஆனது. சட்டத்தின் எழுத்து காப்பாற்றப்பட்டது, வாங்குகிறவருக்குப் போக வேண்டிய சேதியும் குறையில்லாமல் போய்ச் சேர்ந்தது.

சரி, ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒவ்வொரு நாளும் வாயால் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

‘லைட்’ சிகரெட்டின் பஞ்சை (ஃபில்டரை)ச் சுற்றியுள்ள தாளைக் கவனமாக உரித்து, எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டி மேல் வையுங்கள். வரிசையாக ஊசி முனை அளவில் துளைகள் மினுங்கும். வாய் வைக்கும் முனையிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குள்ளேயே, வளையமாக ஓடும். இழுக்கும்போது அந்தத் துளைகள் வழியாக வெளிக்காற்றும் உள்ளே வந்து புகையோடு கலக்கிறது. ‘லைட்’ ஆன கதை பெரும்பாலும் இவ்வளவுதான். புகையிலை சாதுவாகிவிடவில்லை, புகையில் காற்று கலந்திருக்கிறது.

இப்போது சோதனை. பெட்டியில் தார் (புகையில் வரும் பிசுபிசுப்பான கசடு) இத்தனை மில்லிகிராம், நிகோடின் இத்தனை என்று போட்டார்களே, அதை அளந்தது ஒரு இயந்திரம். அமெரிக்க வர்த்தக ஆணையம் 1967-இல் எடுத்துக்கொண்ட முறைப்படி, நிமிஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு வினாடி, 35 மில்லிலிட்டர் இழுக்கும். இயந்திரத்துக்கு விரல் கிடையாது, உதடு கிடையாது, முக்கியமாக ஏக்கம் கிடையாது. துளை திறந்தபடியே இருக்கும், காற்று தாராளமாகக் கலக்கும், அளவு குறைவாக வரும். மனிதன் அப்படியா பிடிக்கிறான்? துளைகள் இருக்கும் இடத்தில்தான் இரண்டு விரலும் பிடிக்கிறது, மிச்சத்தை உதடு மூடுகிறது. அப்படியும் நிகோடின் போதவில்லை என்றால் மூளை விடாது. இழுப்பு நீளும், ஆழம் கூடும், நெஞ்சில் புகை தங்கும் நேரம் கூடும், இல்லாவிட்டால் தினம் பத்து சிகரெட் பதினாலாகும். இதில் யாரும் தெரிந்து ஏமாற்றுவதில்லை. தூங்கும்போது போர்வையை இழுத்துக்கொள்கிற மாதிரி உடம்பு தானாகச் செய்கிற வேலை.

நம்பாதவர்களிடம் நான் ஒன்று சொல்வேன்: அடுத்த தடவை பிடித்து முடித்த துண்டைக் கொண்டு வாருங்கள். துளை திறந்திருந்தால் பஞ்சின் முனையில் நடுவில் மட்டும் பழுப்பு வட்டம் இருக்கும், ஓரம் வெளுப்பாகத் தெரியும். அடைத்துப் பிடித்திருந்தால் முனை முழுக்க ஒரே பழுப்பு. மேலே சொன்னவர் சட்டைப் பையிலேயே பாதித் துண்டு ஒன்று வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். ஓரம் வரைக்கும் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு. மனைவி அதை வாங்கிப் பார்த்தார். எதுவும் பேசவில்லை.

அப்புறம் அந்த எண்கள். பெட்டியில் 1 மில்லிகிராம் நிகோடின் என்று போட்டிருந்தால் உள்ளே அவ்வளவுதான் இருக்கிறது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். ஒரு சிகரெட்டின் புகையிலையில் சுமார் 10 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது, அதில் ஒன்றிரண்டு மில்லிகிராமைப் பிடிப்பவர் தன் பழக்கத்துக்கு ஏற்ப எடுத்துக்கொள்கிறார். பெட்டியில் இருக்கும் எண் அந்த விரலில்லாத இயந்திரத்துக்குக் கிடைத்தது. எண்ணைப் போட்டால் மக்கள் ஏமாறுகிறார்கள் என்று தெரிந்துதான் அமெரிக்க ஆணையம் 2008-இல் அந்த அளவீட்டுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இன் புதிய விதிகளில் பெட்டியில் எண் போடுவதையே நிறுத்தியது. அளவுக்கு உச்சவரம்பு இன்னும் உண்டு, பெட்டியில் காட்டிக்கொள்ள மட்டும் முடியாது. நல்ல முடிவு. எண்ணைப் பார்த்தால் மருந்துச் சீட்டு ஞாபகம்தான் வரும் நமக்கு.

எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய தலைமுறைப் புகைப்பிடிப்பாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் நடுப்பகுதியில், பெரிய மூச்சுக்குழாய்களில் வந்தது. பிறகு நுரையீரலின் வெளி ஓரங்களில் வரும் அடினோகார்சினோமா வகை அதிகமானது. 1950-களுக்குப் பிறகு சிகரெட்டின் வடிவமைப்பிலும் சேர்மானத்திலும் வந்த மாற்றங்களால் இந்த வகையின் அபாயம் கூடியது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2014 அறிக்கை முடிவு கட்டியது. துளை போட்ட பஞ்சு காரணமாக இருக்கலாம், அதனால் ஆழமாக இழுக்கிறார்கள், புகை கடைசிக் கிளை வரை போகிறது. ‘லைட்’ எனக்குக் கொடுத்த மாற்றம் இதுதான்: ஸ்கேனில் முன்பு நடுவில் தேடினோம், இப்போது ஓரத்திலும் தேடுகிறோம். பாக்கெட் எத்தனை, வருஷம் எத்தனை என்று பெருக்கி நாங்கள் ஒரு கணக்கு எழுதுவோம் அல்லவா, அதில் லைட்டுக்குத் தள்ளுபடி எதுவும் இல்லை.

இன்னொரு ரகம் இருக்கிறார்கள். “அவ்வளவு கெடுதின்னா அரசாங்கம் ஏன் டாக்டர் விக்க விடுது? உள்ளே என்ன போடணும்னு எல்லாம் கட்டுப்பாடு இருக்கே?” இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வக்கீல் களை வரும். ஐயா, கட்டுப்பாடு என்பது தரச் சான்றிதழ் கிடையாது. அமெரிக்காவில் சிகரெட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை, உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ-வுக்குக் கொடுத்த அதே 2009 சட்டம், ‘எஃப்டிஏ கண்காணிக்கிறது, ஆகவே கெடுதல் குறைவு’ என்ற நினைப்பு வரும்படி எந்தக் கம்பெனியும் பேசக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. உங்களை மாதிரி யோசிப்பார்கள் என்று சட்டம் எழுதினவர்களுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கிறது. அந்தச் சட்டப்படி நிகோடினைக் குறைக்கச் சொல்லலாம், பூஜ்யமாக்கச் சொல்ல முடியாது. சிகரெட்டை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யவும் எஃப்டிஏ-வுக்கு அதிகாரம் இல்லை. விற்க விடுவதற்கு வரலாறு, வரி, அரசியல் என்று ஆயிரம் காரணம் உண்டு. உங்கள் நுரையீரல் அந்தப் பட்டியலில் இல்லை.

உள்ளே சேர்க்கும் பொருள்கள் மேல் வரும் தடைகளையும் இதே மாதிரித் தப்பாகப் படிக்கிறார்கள். பழ வாசனை, மிட்டாய் வாசனை எல்லாம் அமெரிக்காவில் 2009 செப்டம்பரோடு போனது, மெந்தாலை மட்டும் விட்டுவைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதத்தில் மெந்தாலையும் எடுத்தது. மெந்தால் தொண்டையைக் குளிர வைத்து எரிச்சலை மறைக்கிறது, அதனால் புதிதாகத் தொடங்கும் பிள்ளை முதல் இழுப்பில் இருமித் தூக்கி எறிவதில்லை. வாசனையை எடுப்பது ஆரம்பிப்பதைக் கடினமாக்கத்தான். மிச்சமிருக்கும் சிகரெட் சுத்தமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ‘சேர்மானம் இல்லாதது’, ‘இயற்கையானது’ என்று பெட்டியில் போட்ட கம்பெனிகளுக்கு எஃப்டிஏ 2015-இல் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. வெறும் இலையைக் கொளுத்தினாலும் கார்பன் மோனாக்சைடு வரும், தார் வரும். எரிவதுதான் கெடுதல்.

விளம்பரத்தைப் பற்றிப் பேசினால் எங்கள் வெள்ளைக் கோட்டிலும் கறை உண்டு. 1946-இல் அமெரிக்காவில், டாக்டர்கள் அதிகம் பிடிப்பது கேமல் சிகரெட்தான் என்று விளம்பரம் ஓடியது. 1952-இல் கென்ட் சிகரெட் ஒரு அதிசயப் பஞ்சோடு வந்தது, பாதுகாப்பு என்றுதான் விற்றார்கள். அந்தப் பஞ்சில் இருந்தது புற்றுநோய் தரும் கல்நார் இழையான ஆஸ்பெஸ்டாஸ், அதிலும் மோசமான நீல ஆஸ்பெஸ்டாஸ். நாலு வருஷம் அப்படி விற்றது. பஞ்சு வடிகட்டிவிடும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான் வரும். 2006-இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், ‘லைட்’ விஷயம் உட்படக் கம்பெனிகள் மக்களைத் தெரிந்தே ஏமாற்றின என்று தீர்ப்பு எழுதினார். தங்கள் காசிலேயே திருத்த அறிவிப்பு போட வேண்டும் என்றும் உத்தரவு. மேல்முறையீடு, வாசகத்தில் தகராறு என்று இழுத்து, அந்த அறிவிப்புகள் வெளிவந்தபோது 2017 நவம்பர். பதினோரு வருஷம். அதற்குள் எத்தனை பேர் நிறம் பார்த்து வாங்கியிருப்பார்கள்.

பெட்டியில் போடும் எச்சரிக்கைப் படங்களுக்கு வருவோம். கனடா 2001-இல் தொடங்கிவைத்தது. இலங்கையில் பெட்டியின் 80 சதவீதம், இந்தியாவில் 2016 ஏப்ரலிலிருந்து 85 சதவீதம் எச்சரிக்கைதான். ஆஸ்திரேலியா 2012 டிசம்பரில் பெட்டியின் நிறத்தையே பிடுங்கி, எல்லாவற்றையும் ஒரே மங்கிய பழுப்பாக்கியது. நிறம்தான் லைட்டு என்று சொன்ன என் நோயாளிக்கு அதுதான் சரியான வைத்தியம். கனடா 2023-இல் இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு சிகரெட்டின் மேலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று விதி போட்டது. “படத்தைப் பார்த்துப் பழகிப்போச்சு டாக்டர்” என்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. ஆனால் “அந்தத் தொண்டைப் படம் வேண்டாம், வேற பாக்கெட் குடுங்க” என்று மாற்றி வாங்குவதாகச் சொன்னவர்கள் என்னிடமே இருக்கிறார்கள். பழகிப்போனவர் ஏன் மாற்றி வாங்குகிறார்?

சரி, திட்டினது போதும். இனி செய்ய வேண்டியது.

நிறம், எண், பெயர், பஞ்சு, மெலிவு எதையும் பார்த்து மாற்றாதீர்கள். மாற்ற நினைக்கும் அந்த நாள் அருமையான நாள், அன்றைக்கு மனசு தயாராக இருக்கிறது. அதை இன்னொரு பிராண்டில் வீணாக்காமல் மருத்துவரிடம் வாருங்கள். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை, வாரெனிக்லைன், புப்ரோபியான் மாத்திரைகள் என்று வழி இருக்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்த்துத்தான் தர வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டதை வாங்காதீர்கள். ‘ஒன்றே ஒன்று’ என்று பேரம் பேசவும் வேண்டாம். தினம் ஒன்று பிடிப்பவருக்கு இதய நோயில் கூடும் அபாயம், இருபது பிடிப்பவருக்குக் கூடுவதில் கிட்டத்தட்டப் பாதி என்று 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று நீங்கள் போட்ட கணக்கு நெஞ்சுக்குத் தெரியாது. குறைப்பது விடுவதற்கான படியாக இருந்தால் சரி, அங்கேயே குடியிருக்காதீர்கள். விட்டபின் சில வாரம் இருமலும் சளியும் கூடினால், விட்டதால்தான் வந்தது என்று மறுபடி பற்ற வைக்காதீர்கள், மூச்சுக்குழாய் தன்னைக் கூட்டிப் பெருக்குகிறது. சளியில் ரத்தம் கண்டாலோ எடை குறைந்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே வாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கெஞ்சல். “லைட்டுக்காவது மாறுங்க” என்று சொல்லாதீர்கள். நீங்கள் இறங்கி வந்த அந்த ஒரு வார்த்தை போதும், அடுத்த பத்து வருஷத்தை அதை வைத்தே ஓட்டிவிடுவார்கள்.

எங்களிடம் வரும்போது கூச்சப்படாமல் பாக்கெட்டையும், கடைசியாகப் பிடித்த துண்டு ஒன்றையும் எடுத்து வாருங்கள். விளக்குப் பெட்டி மேஜை பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை.