குதிரை போன பின்னும் சவார்

கலெக்டர் ஆபீஸில் டபேதாரைப் பார்த்திருப்பீர்கள். அது குதிரைப்படையின் பதவிப் பெயர். இந்திய ராணுவத்தின் டாங்கிப் படையில் இன்றும் தஃபேதார் உண்டு, ரிசால்தார் உண்டு. சாதாரண வீரர் சவார். நாம் சொல்லும் சவாரிக்கும் வேர் அதுவே.

நம் டாங்கி ரெஜிமென்ட்களில் மிகப் பழையது 16ஆவது கேவல்ரி (கேவல்ரி என்றால் குதிரைப்படை). 1776இல் ஆற்காட்டு நவாபின் குதிரைப்படையாகத் தொடங்கி, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக்குப் போனது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குதிரைகளை விட்டுக் கவச வண்டிக்கு மாறி, 1945இல் பர்மாவில் போரிட்டது. 1965 பாகிஸ்தான் போரில், சியால்கோட் பகுதியின் பில்லோராவில் செஞ்சூரியன் டாங்கிகளோடு நின்றது.

குதிரை போனாலும் வேலை மாறவில்லை. முன்னால் போய் எதிரி எங்கே என்று பார்க்க வேண்டும். காலாட்படை உடைத்த இடைவெளியில் பாய்ந்து, எதிரி சுதாரிப்பதற்குள் அவன் முதுகுப்பக்கம் போய்விட வேண்டும். இதற்குச் சாலையை நம்ப முடியாது. வயல், வரப்பு, மணல் எல்லாம் தாண்டியாக வேண்டும்.

51 டன் செஞ்சூரியன் வயலில் எப்படிப் புதையாமல் போகிறது? சேற்றில் பலகை போட்டு நடப்போமே, அதே வித்தைதான். டாங்கி தன் பலகையைத் தானே முன்னால் விரித்து, பின்னால் சுருட்டிக்கொண்டு நகர்கிறது. சங்கிலிப் பட்டை ஒவ்வொன்றும் 61 சென்டிமீட்டர் அகலம்; தரையில் படியும் நீளம் சுமார் நாலரை மீட்டர். இரண்டு பட்டைக்கும் கணக்குப் போட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகூட வராது. வீரனைச் சுமந்து நிற்கும் குதிரையின் எடை சுமார் 550 கிலோ. அதை நான்கு குளம்புகளின் பரப்புக்குப் பங்கிட்டால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டிவிடும். எனக்கு இன்னும் ஆச்சரியம் தரும் கணக்கு இது. டாங்கி குதிரையைவிட மென்மையாகத்தான் மண்ணை அழுத்துகிறது!

ஆனால் மண் ஊறிவிட்டால் கணக்கு பலிக்காது. துகள்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்ததும் அவற்றின் பிடி தளர்ந்துவிடும். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தாரில் இதுதான் நடந்தது. நம் படை வயல்களில் நீர் பாய்ச்சிவிட்டுக் கரும்புக்குள் மறைந்து காத்திருந்தது. வேகமாக வந்த பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கின. வேகம் போனதும் அவை வெறும் இலக்குகள். டெக்கான் ஹார்ஸ், 3ஆவது கேவல்ரி, 8ஆவது கேவல்ரி என்று மூன்று பழைய குதிரைப்படைகளின் பீரங்கிகள் பக்கவாட்டிலிருந்து அவற்றைச் சுட்டன.