கட்டுச்சோற்றோடு வரும் பூஞ்சை

"பட்டுப்போன மரத்தை வெட்டியாச்சு. சில வருடம் கழித்துப் பக்கத்து மரமும் அதேபோல வாடுகிறதே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வெட்டியது மரத்தைத்தான், அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. சந்தேகப்பட வேண்டியவற்றில் முக்கியமானது ஆர்மில்லேரியா என்ற பூஞ்சை.

மரத்தடியில் கொத்தாக முளைக்கும் தேன்நிறக் காளான் இதன் கனி மாதிரி. உடம்பு முழுக்க வேரிலும் மண்ணிலும். கட்டைக்கு உறுதி தரும் லிக்னின், செல்லுலோஸ் என்ற பொருள்களை நொதிகளால் சிதைத்துத் தின்னும். சரி, இது பாடப்புத்தகத்திலேயே இருக்கும். என்னை மயக்குவது, இது மண்ணைக் கடக்கும் விதம்.

ஒற்றைப் பூஞ்சை இழை தலைமுடியைவிட மெல்லியது. தனியே கிளம்பினால் வழியிலேயே காய்ந்துபோகும், அல்லது வேறு நுண்ணுயிர் தின்றுவிடும். அதனால் ஆர்மில்லேரியா ஏராளமான இழைகளைச் சேர்த்துக் கயிறாக்கிக்கொள்கிறது. ரைசோமார்ஃப் என்று பெயர். பார்த்தால் கறுப்பு ஷூ லேஸ்தான். வெளியே மெலனின் என்ற நிறமி ஏறிய கறுப்புத் தோல், உள்ளே வெள்ளை இழைகள், நட்டநடுவே காற்றுப் போக ஒரு குழாய். வளர்வது நுனியில். சாப்பாடு வருவதோ பின்னால், பழைய அடிக்கட்டையிலிருந்து! புதிய வேரைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டு, அழுத்தியும் அரித்தும் பட்டையைத் துளைக்கும். அப்புறம் பட்டைக்கடியில் வெள்ளை விசிறியாக விரிந்து, மரத்தைப் பருக்க வைக்கும் கேம்பியம் என்ற உயிர்ப்படலத்தைக் கொல்லும். செத்த மரம் அடுத்த பயணத்துக்குக் கிடங்கு.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் காடொன்றில் ஒரே ஆர்மில்லேரியா சுமார் 965 ஹெக்டேருக்குப் பரவியிருக்கிறது. ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வது? வெவ்வேறு இடத்தில் எடுத்த மாதிரிகளை ஆய்வகத்தில் ஒரே தட்டில் எதிரெதிரே வளர்ப்பார்கள். ஒரே உயிர் என்றால் இழைகள் கலந்துவிடும். வேற்றாள் என்றால் நடுவே எல்லைக்கோடு விழும். டிஎன்ஏ சோதனையும் உண்டு, ஆனால் என் ஓட்டு அந்தத் தட்டுக்குத்தான். பெரிய கருவிகளுக்கே பணம் ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: ஆர்மில்லேரியா இழையோடிய கட்டை இருட்டில் மங்கலாக ஒளிரும். பேயென்று ஓடியவர்கள் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்திருக்கலாம்.

வாசகருக்கு: அடிக்கட்டையையும் தடித்த வேர்களையும் தோண்டி எடுங்கள். மேலே தெரியும் காளானைப் பிடுங்கிப் பயனில்லை. மண்ணில் மிஞ்சிய பழைய வேரோடு புது வேர் உரசும் இடத்தில் இதற்குக் கயிறுகூடத் தேவையில்லை என்பதால், அதே குழியில் உடனே புதுக்கன்று நடாதீர்கள்.