தகட்டின் மறுபக்கம் பார்த்தீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் பட்டறைக்கு ஒரு சிவப்பு சிட்டி கோல்ஃப் கார் வந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கினேன். கார் மேலே எழவில்லை. ஜாக்கிதான் காருக்குள் ஏறியது. கதவைத் திறந்ததும் காலடியில் நீளமாக ஓடுகிற பெட்டித் தகட்டைப் படி என்று சொல்வேன். அந்தப் படியின் அடிப்பாகம் அப்பளம் போல நொறுங்கி உதிர்ந்தது. உள்ளேயிருந்து துருத்தூளும், பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டியும் வந்தன. பிறகு ஒரு பெயின்ட் டப்பாவின் தகரம் வந்தது. கடைசியாக, கசக்கித் திணித்திருந்த செய்தித்தாள்.

"நானே வெல்டு வைத்தேன், அண்ணா. மூன்று மாதம்தான் ஆகிறது" என்றான் காரைக் கொண்டுவந்த பையன். முகம் வெளுத்துவிட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாத வேலை. பட்டியைத் தேய்த்து மழமழப்பாக்கிய அழகை என்னிடம் வேலை கற்கிற தம்பிகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே தகரத்தை வைத்திருக்கிறான். பற்றவைக்க நல்ல இரும்பே அங்கே இல்லை. அந்தக் காரில்தான் அவன் அம்மாவை வாரம் இரண்டு முறை நகரத்துக்கு அழைத்துப் போய் வந்திருக்கிறான்.

31 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தமிழ்நாட்டில் டிங்கரிங் என்பார்கள். டர்பனில் பேனல் பீட்டிங். வீட்டில் வெல்டிங் செய்யவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. டர்பனின் மெரிபேங்கில் அப்பாவின் பழைய நிசான் பக்கியில்தான் நானும் கை பழகினேன். பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள சிறு வண்டியை இங்கே பக்கி என்பார்கள். கடல் காற்று விடாமல் தின்கிற ஊர் இது. சிட்டி கோல்ஃப் தயாரிப்பு 2009இல் நின்றது. நிசான் 1400 பக்கி அதற்கும் ஓராண்டு முன்பே நின்றுவிட்டது. இன்னும் தெருவில் ஓடுகிறவை எல்லாம் துருவோடு போராடித்தான் ஓடுகின்றன. போதாக்குறைக்கு 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார்கள், மலிவு விலைக்குக் கை மாறின. காரை விற்று இன்னொருவர் பெயருக்கு மாற்ற, அது சாலையில் ஓடத் தகுதியானது என்கிற ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும். பட்டறைக்காரன் சொல்கிற தொகை கேட்டவரின் வயிற்றைக் கலக்கும். ஹார்டுவேர் கடையிலோ, தோளில் மாட்டிக்கொண்டு போகிற அளவில் வெல்டிங் மெஷின் கிடைக்கிறது. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் பற்றவைக்கிறவன் கண் எப்போதும் தன் பக்கத்துத் தீப்பொறியிலேயே இருக்கிறது. நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை தகட்டின் அந்தப் பக்கத்தில் நடந்தவை.

மலைச்சரிவில் வீடும், வீட்டை ஒட்டிக் கராஜும் உள்ள ஒரு குடும்பம். அண்ணன் தம்பி இருவரும் காரின் தரையில் விழுந்த கையகல ஓட்டையை அடியிலிருந்து பற்றவைத்திருக்கிறார்கள். மின்வெட்டு தலைவிரித்தாடிய காலம் அது. வேலை பாதியில் இருக்கும்போதே கரன்ட் போய்விட்டது. சரி, சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று மேலே போயிருக்கிறார்கள். காருக்குள் மிதியடியை எடுத்து வைத்திருந்தார்கள். ஆனால் தரைவிரிப்பை அரையடி மடக்கிவிட்டதோடு சரி. விரிப்புக்கு அடியில் சத்தத்தை அடக்குவதற்கு ஒரு தடித்த கம்பளமும், அதன் கீழே தார் கலந்த பூச்சும் இருக்கும். கம்பளம் கனன்றுகொண்டே இருந்திருக்கிறது. கரன்ட் இல்லாத இருட்டில் புகை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, இருக்கையின் நுரை பற்றிக்கொண்ட பிறகுதான் வெளிச்சம் தெரிந்ததாம். பக்கத்து வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கிற இரட்டை வீடு. தாத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கார் போயிற்று, கராஜின் கூரை போயிற்று.

எஃகு உருகுவதற்கு ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். நீங்கள் கீழே அந்தச் சூட்டைக் கொடுக்கும்போது, முக்கால் மில்லிமீட்டர் தகட்டின் மேலே என்ன இருக்கிறதோ அதுவும் அந்தச் சூட்டைத்தான் தாங்க வேண்டும். ஆகவே இருக்கையைக் கழற்றுங்கள். விரிப்பை முழுவதும் வெளியே எடுங்கள். தார்ப்பூச்சைச் சுரண்டுங்கள். ஒயர்க் கட்டு, பிளாஸ்டிக் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எவை எங்கே ஓடுகின்றன என்று கையால் தொட்டுப் பாருங்கள். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் இருந்தால் அதைக் கழற்றிக் கராஜுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். காலி டாங்க்தானே என்று இளப்பமாக நினைக்காதீர்கள். நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்கில்தான் ஆவி அதிகம்; வெடிப்பது அந்த ஆவி. பின்கதவைத் தாங்கும் கேஸ் தண்டுகளும் சூடு பட்டால் வெடிக்கும். பக்கத்தில் தீயணைப்பான் வேண்டும், ஒரு வாளித் தண்ணீரும் வேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியமாக, காரியம் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டறையில் இந்தக் காவலுக்குத் தேநீர் நேரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பேட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றாமல் தொடங்கினால் ஆல்டர்னேட்டரில் உள்ள டயோடுகள் போகலாம், கார் கம்ப்யூட்டரும் போகலாம். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் பொறிபட்டால் வெடிக்கும் என்பதால் அதை இறக்கி அப்பால் வைப்பதே நல்லது. ஏர்பேக் உள்ள காரில் கம்பியைக் கழற்றியதும் உடனே கை வைக்காதீர்கள். அதற்குள் தேங்கிய மின்சாரம் வடியச் சில நிமிடம் விடுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற கம்பியின் கவ்வியை, வெல்டு வைக்கிற இடத்துக்கு நெருக்கமாக மாட்டுங்கள். எங்கோ சக்கரத்துப் பக்கம் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகச் சுற்றிப் போய் அதைக் கெடுத்துவிடும்.

புகைக்கு வருவோம். இங்கே எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கம்பியும் காப்பு வாயுவும் துப்பாக்கி வழியே சேர்ந்து வருகிற வெல்டிங் மெஷினை மிக் என்பார்கள். காற்று அடித்தால் அந்த வாயு கலைந்து, வெல்டு தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். அதனால் கராஜ் கதவை இழுத்து மூடுவார்கள். திருட்டுப் பயத்தால் ஏற்கெனவே பாதி மூடித்தான் இருக்கும். ஓரளவு புதிய கார்களின் தகட்டில் துத்தநாகப் பூச்சு உண்டு. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஃகு உருகுவதற்கு வெகு முன்பே அது வெள்ளைப் புகையாகிறது. மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்க் காய்ச்சலும் உடல்வலியும் வரும், வாயில் உலோகச் சுவை தட்டும். பால் குடித்தால் சரியாகும் என்று என் குருவும் சொன்னார், அவருடைய குருவும் சொன்னார். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுவதும், வெல்டிங் முகமூடிக்குள் உலோகப் புகைக்கான மாஸ்க் அணிவதும், கதவை மூடாமல் காற்றுக்கு ஒரு தடுப்பு மட்டும் வைப்பதும்தான் வழி.

இதைவிடக் கொடியது பிரேக் கிளீனர் ஸ்ப்ரே. தகட்டைத் துடைக்கக் கைக்கு எளிதாக இருக்கிறது என்று அடிப்பார்கள். சில வகைகளில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அது வெல்டிங்கின் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் விஷவாயுவாக வீசப்பட்டது அதுதான். மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால் எதனால் வந்தது என்றுகூடத் தெரியாமல் போகும். என் பட்டறையில் வெல்டிங் நடக்கிற பக்கம் அந்த டப்பாவைக் கொண்டுவரக்கூடாது. தகட்டைச் சுத்தம் செய்யக் கம்பித் தூரிகையும் கிரைண்டரும் போதும்.

கண்ணும் அப்படித்தான், உடனே வலிக்காது. மாலையில் வேலை செய்தவர் இரவு இரண்டு மணிக்கு, கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் துடித்து எழுவார். கருவிழியின் மேல்தோல் புற ஊதாக் கதிரில் வெந்துபோயிருக்கும். டார்ச் பிடித்துக்கொள் என்று பக்கத்தில் நிறுத்தி வைத்த மகள், மதில் மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன் என்று முகமூடி இல்லாதவர்களே அதிகம் மாட்டுகிறார்கள். வெள்ளையடித்த சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் போதும். பச்சை உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து கண்ணில் வைப்பது இங்கே வெல்டர்களின் வழிவழி வைத்தியம். குளிர்ச்சியாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெந்த கண்ணில் காய்கறிச் சாறும் அழுக்கும் எதற்கு? கண்ணைக் கசக்காமல் மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். யாரோ கொடுத்த மரத்துப்போகும் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப விடாதீர்கள். வலி தெரியாது, புண் ஆறவும் ஆறாது.

வேலை நுணுக்கம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எழுத்தில் படித்து வருகிற வித்தை அல்ல அது. இரும்புக் கேட்டுக்கு வைக்கிற குச்சி வெல்டிங் மெஷினால் கார்த் தகட்டைத் தொடாதீர்கள், ஓட்டைதான் பெரிதாகும். 0.6 மில்லிமீட்டர் கம்பி போட்ட மிக் மெஷின் சரி. ஒரே இழுப்பில் கோடு போடாமல் இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று தாவித் தாவி வையுங்கள். இல்லாவிட்டால் தகடு வதங்கிய வாழையிலை மாதிரி நெளியும். பின்னால் ஒரு செம்புத் துண்டை அணைத்துப் பிடித்தால் ஓட்டை விழாது, செம்பில் வெல்டு ஒட்டவும் ஒட்டாது.

எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்பதற்கு நானாக வைத்திருக்கிற அளவு ஒரு முழம். சீட் பெல்ட் மாட்டுகிற இடம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சேசிஸ் சட்டம் இவற்றிலிருந்து ஒரு முழத்துக்குள் துரு இருந்தால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். என்னிடமே வர வேண்டும் என்பதில்லை. புதிய கார்களின் கதவுத் தூண்களில் இருக்கிற எஃகு வேறு ஜாதி. பழுக்கக் காய்ச்சி அச்சில் அழுத்திக் குளிரவைத்து, சாதாரணத் தகட்டைப்போல் பல மடங்கு வலு ஏற்றியிருப்பார்கள். நீங்கள் மறுபடி சூடாக்கினால் அந்த வலு இறங்கிவிடும். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. மோதலின்போதுதான் மடங்கும்.

சிவப்புக் காரின் இரண்டு படிகளையும் நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டி எடுத்தோம். பையனையே கிரைண்டர் பிடிக்க வைத்தேன். புதுப் படி வைத்து முடித்ததும், உள்ளே மெழுகு அடிக்கிற குழாயைக் கையில் கொடுத்தேன். தகட்டின் உள்பக்கம் பூச்சு எரிந்துபோயிருக்கும், அதை அப்படியே விட்டால் அடுத்த மழைக்கே துரு தொடங்கும். படியின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு என்பதும் அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. பழைய படியில் அவை எல்லாவற்றையும் பட்டி வைத்து மூடியிருந்தான். உங்கள் காரிலும் குனிந்து பாருங்கள். சேறு அடைத்திருந்தால் ஒரு பழைய சைக்கிள் ஆரக்கம்பி போதும்.