சம்மணம் போட வராதவரின் தொடை எலும்பு

பந்தியில் தரையில் உட்காரும்போது கவனித்திருப்பீர்கள். சிலருக்கு முட்டி இரண்டும் பாயைத் தொடும். சிலருக்கு எவ்வளவு அழுத்தினாலும் தூக்கிக்கொண்டு நிற்கும். ‘பழக்கம் விட்டுப்போச்சு’ என்கிறோம். பழக்கத்துக்கும் தசைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் எலும்பின் வடிவமும் சேர்ந்தேதான் அதை முடிவு செய்கிறது.

ஒரு தொடை எலும்பை மேசைமேல் கிடத்துங்கள். முட்டிப் பக்கத்துக் குமிழ்கள் இரண்டும் மேசையில் படிந்திருக்கும். மறுமுனையில், இடுப்பு மூட்டுக்குள் உட்காரும் பந்து போன்ற தலையைத் தாங்கும் கழுத்து மட்டும் படியாமல், கொஞ்சம் மேல்நோக்கி எழுந்து நிற்கும். இதுதான் முன்முறுக்கு. பிறக்கும்போது 30 முதல் 40 டிகிரி வரை இருக்கும் இந்த முறுக்கு, வளர வளரக் குறைந்து, பெரியவர்களில் சராசரியாக 15 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சராசரிதான், 8 டிகிரியோடும் 22 டிகிரியோடும் எந்தத் தொல்லையும் இல்லாமல் நடப்பவர்கள் ஏராளம். முறுக்கு கூடுதலாக இருந்தால் தொடை உள்பக்கம் சுலபமாகத் திரும்பும், வெளிப்பக்கம் திரும்புவது குறையும். சம்மணத்துக்கு வேண்டியதோ வெளிப்பக்கத் திருப்பம்.

இதை அளக்க, சி.டி. ஸ்கேனில் எலும்பின் கழுத்தருகே ஒரு குறுக்குவெட்டுப் படமும் முட்டியருகே இன்னொன்றும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கோணம் பார்க்கிறார்கள்.

அந்தப் பந்து உட்காரும் இடுப்பெலும்புக் குழியான கிண்ணத்துக்கும் அளவு உண்டு. சுவீடனின் எலும்பு மருத்துவர் குன்னார் விபெர்க் 1939-ல் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் பந்தின் மையத்திலிருந்து நேர்மேலே ஒரு கோடு, கிண்ணத்தின் வெளிவிளிம்புக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் இடையில் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் பந்து போதுமான அளவு மூடப்பட்டிருக்கிறது. 20-க்குக் கீழே போனால் கிண்ணம் ஆழம் குறைவு. 40-ஐத் தாண்டினால் மூடல் அதிகம் என்பார்கள்.

ஆனால் எக்ஸ்ரே என்பது நிழல். படுத்திருப்பவரின் இடுப்பு சற்று முன்சாய்ந்தால் போதும், அதே கிண்ணம் பின்பக்கம் திரும்பியதுபோலத் தெரியும். அதனால் நல்ல மருத்துவர் கோணத்தை அளக்கும் முன் படம் நேராக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்.

அப்புறம், பந்தும் கழுத்தும் சேருமிடத்தில் வரும் மேடு. 2002-ல் சுவிட்சர்லாந்தில் எலும்பு மருத்துவர் நோட்ஸ்லியும் குழுவினரும் எம்.ஆர்.ஐ. படத்தில் இதற்கொரு கோணம் வகுத்தார்கள். காலை மடக்கித் திருப்பும்போது அந்த மேடு கிண்ண விளிம்பில் இடித்தால் வலி வரலாம். வரலாம் என்றுதான் சொல்ல முடியும். வலியே இல்லாத பலரிடமும், முக்கியமாக ஆண்களிடமும் பதின்வயதில் கடுமையாகக் கால்பந்து ஆடியவர்களிடமும், இந்த மேடு இருக்கிறது.

ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, நன்றாக நடமாடுகிறவர் பயந்துபோய் நடையைக் குறைத்துக்கொள்வது எனக்கு வருத்தமான விஷயம். அந்த எண்ணுக்கு அர்த்தம் வருவது பரிசோதனை மேசையில்தான்: மருத்துவர் முட்டியை மடக்கி, தொடையை மெல்ல உள்ளே திருப்பி, ‘கவட்டையில் வலிக்கிறதா?’ என்று கேட்கும்போது.