அந்த ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்

ஜூலை பிறந்துவிட்டால் காரைக்குடியில் என் அறைக்கு வெளிநாட்டில் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். துபாய், சிங்கப்பூர் பக்கம் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு அப்போதுதான் நீண்ட விடுமுறை. முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்று குடும்பத்தோடு ஊருக்கு வருகிறவர்கள், கிளம்பும் முன் ஒரு நாள், படிப்பில் தடுமாறும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட பள்ளி ஒன்றில் கற்றல் உதவிப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். அதனால் அந்தப் பள்ளிகளின் நடைமுறை எனக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு பையன் வந்தான். வயது பன்னிரண்டு. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கூட்டி வந்தது அவனுடைய அப்பத்தா. அம்மா பின்னால் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஏத்தா, ஊரெல்லாம் பேசுற பய, நோட்டைத் தொறந்தா ஊமையாயிடுறான். மூளையில எதுவும் கோளாறா?"

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது ஆச்சி, உக்காருங்க" என்றேன்.

முதல் வாரம் ஆத்தங்குடிக்குப் போய் தரையில் பதிக்கும் கல் செய்வதைப் பார்த்திருந்தான். அதைச் சொல்லச் சொன்னேன். கண்ணாடி மேல் இரும்புச் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பது வரை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். "நெருப்பே கெடையாது ஆன்ட்டி, சூளையே இல்ல!" வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை.

சரி, இதையே ஆங்கிலத்தில் எழுது என்று தாளைக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் இரண்டு வரி. 'கிளாஸ்' என்ற சொல்லை இரண்டு விதமாக எழுதி, இரண்டையும் அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் நைந்துபோயிருந்தது. எழுதி முடிக்கும் வரை தலையே நிமிரவில்லை.

அம்மாவின் கைப்பையில் ஒரு ரிப்போர்ட் இருந்தது. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு என்று இரண்டு வருடம் முன்பே பழைய பள்ளியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பள்ளி மாறியபோது புதிய பள்ளியில் சொல்லவில்லை. "அட்மிஷன் கெடைக்காதோன்னு பயம். அப்புறம் நாளைக்கு இவனுக்குப் பொண்ணு பாக்குறப்ப..." என்று நிறுத்தினார். புதிய பள்ளியிலோ கவனக்குறைவு, முயற்சி போதாது என்று மூன்று தவணையும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிறு இரவானால் பையனுக்கு வயிற்றுவலி.

அந்தத் தாயின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். விவரம் தெரிந்ததும் 'சீட் இல்லை' என்று கைவிரிக்கும் பள்ளிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் அதில் உண்டு. துபாயிலும் 2017இல் உள்ளடக்கக் கல்விக்கென்று, அதாவது இப்படிப்பட்ட பிள்ளைகளையும் மற்றவர்களோடு சேர்த்துப் படிக்கவைப்பதற்கென்று, ஒரு கொள்கையே வெளியிட்டார்கள்.

மறைப்பதால் வரும் பெரிய நஷ்டம் தேர்வில்தான் தெரியும். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பிள்ளைகள் பதினாறு வயதுவாக்கில் எழுதும் ஐஜிசிஎஸ்இ போன்ற தேர்வுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம், இடையில் ஓய்வு, கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவர், கணினியில் தட்டச்சு என்று சலுகைகள் உண்டு. சலுகை என்று சொல்வதே தப்பு, பார்வை மங்கியவனுக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி அது. கூடுதல் நேரம் பெரும்பாலும் 25 சதவீதம், அதாவது இரண்டு மணி நேரத் தாளுக்கு இன்னும் அரை மணி. ஆனால் தேர்வு வாரியம் பார்ப்பது ரிப்போர்ட்டை மட்டுமல்ல. அந்த உதவி வகுப்பில் அந்தப் பிள்ளையின் வழக்கமான வேலைமுறையாக இருந்ததா என்றும் கேட்கும். பத்தாம் ஆண்டு வரை பீரோவில் பூட்டிவைத்த ரிப்போர்ட்டைத் தேர்வு நெருங்கும்போது எடுத்து நீட்டினால், பள்ளி எதைக் காட்டி விண்ணப்பிக்கும்? தினசரி வகுப்பிலும் மாதத் தேர்விலும் அந்த உதவி நடந்திருக்க வேண்டும். அதற்குப் பள்ளியின் 'சென்கோ', அதாவது சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளர், கையில் ரிப்போர்ட் முதல் நாளே இருக்க வேண்டும்.

வயிற்றுவலியைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் சிறப்புக் கல்வி வழிகாட்டியில் முன்பு பிள்ளைகளின் சிரமங்களை வகை பிரிக்கும்போது, 'நடத்தை' என்ற சொல் ஒரு வகையின் பெயரிலேயே இருந்தது. புதிய வழிகாட்டியில் அதை எடுத்துவிட்டு 'சமூக, உணர்வு, மனநலம்' என்று வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் அது. அடம், கோபம், வயிற்றுவலி எல்லாமே வேறு ஏதோ ஒன்றைச் சொல்ல வருகின்றன என்று ஒப்புக்கொண்ட திருத்தம்.

அதே வழிகாட்டி இன்னொன்றும் சொல்கிறது: ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாததால் மட்டும் வரும் தடுமாற்றம் கற்றல் குறைபாடு ஆகாது. "வீட்ல தமிழ் பேசறதை நிறுத்திடவா?" என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. நிறுத்தாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லை அந்தப் பையன் அவ்வளவு அழகாகச் சொன்னது அப்பத்தாவோடு பேசிப் பேசி வளர்ந்த தமிழில்தான்.

அன்றைக்கு என் அறையில் உட்கார்ந்தே அந்த அம்மா பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதினார். ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்துச் சேர்த்தார். அனுப்பும் முன் பையனிடம் திரையைக் காட்டி, "அனுப்பட்டுமா?" என்று கேட்டார். தன்னைப் பற்றிய விஷயத்தை அவனிடம் கேட்டது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மிஸ்கிட்ட மட்டும் சொல்லுங்க, கிளாஸ்ல வேணாம்" என்றான். அந்த வரியையும் சேர்த்து எழுதினார்.

ஆகஸ்ட் கடைசியில் வெளிநாட்டுக்குத் திரும்பக் கிளம்பினார்கள். தேன்குழல், மாவுருண்டை டின்களுக்கு நடுவே ரிப்போர்ட்டின் அசலையும் அப்பத்தாவே எடுத்து வைத்தாராம்.