கேண்டிலாப்ரா பிரிம்ரோஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

பிரிமுலா என்னும் பெரிய பூச்செடிப் பேரினத்தில், ஈரமும் நிழலும் விரும்பும் ஒரு பிரிவுக்குத்தான் இந்தப் பெயர். தரையோடு ஒட்டிச் சுருக்கம் விழுந்த இலைகள். அவற்றின் நடுவிலிருந்து இலையே இல்லாத ஒரு பூந்தண்டு இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு நேராக எழும். தண்டைச் சுற்றி வளையமாகப் பூக்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு மேலே இன்னொரு வளையம், அதற்கும் மேலே இன்னொன்று. கீழ் வளையம் விரிந்திருக்கும்போது அடுத்தது மொட்டாக இருக்கும். நுனியில் இன்னும் பிரியாத ஒரு பச்சை முடிச்சு. சீனாவைச் சேர்ந்த பிரிமுலா புல்வெருலென்டாவின் தண்டில் மாவு தூவியதுபோல வெள்ளைப் பொடி படிந்திருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். அதன் பெயருக்கே ‘பொடி படிந்தது’ என்றுதான் பொருள்.

‘கேண்டிலாப்ரா’ லத்தீன் சொல். ‘கேண்டெலா’ என்றால் மெழுகுவர்த்தி. ‘கேண்டெலாப்ரம்’ அதைத் தாங்கும் விளக்குத்தண்டு. அதன் பன்மை கேண்டெலாப்ரா. ஒளிர்வதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. நாம் சொல்லும் ‘சந்திரன்’ என்ற வடசொல்லுக்கும் அதே பழைய வேர்தான். ‘பிரிம்ரோஸ்’ என்பது ‘முதல் ரோஜா’. ஆனால் ரோஜாவுக்கும் இதற்கும் உறவில்லை, வசந்தத்தில் முந்திப் பூக்கும் என்பதால் வந்த பெயர். கேண்டிலாப்ரா வகையோ வசந்தத்தின் கடைசியில்தான் பூக்கத் தொடங்கும். ஆகவே ‘முதல் ரோஜா’ என்று மொழிபெயர்த்தால் இரண்டு பக்கமும் தவறு. பிரிமுலா என்றே வைத்துக்கொள்வது நல்லது.

சரி, கேண்டிலாப்ராவுக்கு என்ன சொல்லலாம்? சரவிளக்கு தொங்குவது, இந்தப் பூ நிற்பது. கிளைவிளக்கு என்றால் தண்டு கிளைக்க வேண்டும். இதில் கிளையே கிடையாது. இந்தப் பூவின் அழகு முழுக்க அடுக்கில் இருக்கிறது. தாவரவியலில் இப்பிரிவை ‘புரோலிஃபெரே’ என்பார்கள், மேலும் மேலும் ஈனுவது என்று பொருள். அதுவும் அடுக்கைத்தான் சொல்கிறது. ஆனால் வெறுமனே ‘அடுக்குப் பிரிமுலா’ என்று சொல்லிவிட முடியாது. அடுக்குமல்லி, அடுக்குச் செம்பருத்தி என்று நாம் சொல்வது ஒரே பூவில் இதழ்கள் அடுக்கடுக்காக இருப்பதை. அப்படி இதழ் பெருகிய பிரிமுலாக்களும் உண்டு, குழப்பம் வரும். அதனால் ‘அடுக்குவிளக்குப் பிரிமுலா’ என்பதே என் தேர்வு. ‘விளக்கு’ என்ற சொல் சேர்ந்தவுடன் தண்டும் வளையங்களும் கண்முன் வந்துவிடுகின்றன.

வளர்ப்பதில் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்: வேர் காயக்கூடாது, அழுகவும் கூடாது. இலைமக்கு நிறையக் கலந்த, கையில் பிடித்தால் சில்லென்று இருக்கும் மண் வேண்டும். ஓடைக்கரை போல நீர் நகர்ந்துகொண்டே இருக்கும் இடம் அருமை. குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகிவிடும். மரங்களுக்கடியில் சல்லடை நிழல் போதும். விதையை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவுங்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். பூத்து முடிந்ததும் தூரைப் பிரித்து நடலாம்.

அப்புறம், இந்தப் பிரிவிலேயே உள்ள ஆரஞ்சு நிற பிரிமுலா புல்லியானாவையும் இளஞ்சிவப்பு பிரிமுலா பீசியானாவையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கலந்துவிடும். விதை தானாக விழுந்து முளைக்கும் கன்றுகளில் இரண்டுக்கும் இடைப்பட்ட நிறங்கள் எல்லாம் வரும். அந்தக் கன்றுகளுக்கு இனப்பெயர் சொல்ல வராது. அடுக்குவிளக்கு என்ற பிரிவுப் பெயர்தான் கைகொடுக்கும்.